பூண்டு மாத்திரை

ஈரானின் ராஷ்த் நகரத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு மீர் ஆகா நடந்தே வந்தார். பின்னால் மனைவி கோலந்தாம் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"அரிசி மாத்திரைய முழுங்கிட்டாரு, டாக்டரம்மா!"

டாக்டர் நியுஷா அவரைக் கட்டிலில் படுக்க வைத்தாள். அரிசி மூட்டையில் வண்டு வராமலிருக்கப் போடும் மாத்திரை. வயிற்றுக்குள் போனால் விஷவாயு கக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பாலைவனத்து யஸ்திலிருந்து இந்த மழை ஊருக்கு வந்து ஆறு வாரத்தில் அவள் இந்த மாத்திரைக்கு இரண்டு நோயாளிகளை இழந்திருந்தாள். இருவருமே முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குங்க முழுங்கினீங்க?"

"பிரஷருக்கு" என்றார் மீர் ஆகா. "பூண்டு மாத்திரைன்னு இவதான் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லிக்கிட்டிருந்தா."

"வண்டுக்குன்னு சொன்னது மட்டும் காதுல விழலையாக்கும்!"

பூண்டை இறுக்கிச் செய்த மாத்திரையும் கடைகளில் அரிசி மாத்திரை என்றே விற்கிறது. தின்றால் ஏப்பம் வரும், அவ்வளவுதான். இவர் தின்றது எது?

"கடைக்காரன் பூண்டுன்னுதான் குடுத்தான்" என்றாள் கோலந்தாம். "போன வருஷமும் அப்படித்தான் சொன்னான். பூனை செத்துப்போச்சு. டப்பால பேரும் இல்ல, மாத்திரையும் மிச்சமில்ல."

நியுஷா குனிந்து அவர் வாயை முகர்ந்தாள். பூண்டு நெடி. விஷவாயுவுக்கும் அதே நெடிதான்.

வயிற்றிலிருந்து குழாயில் எடுத்த நீரை அவளே ஆய்வகத்துக்குக் கொண்டு ஓடினாள். அங்கிருந்த மஹ்ரூ இந்த ஊர்க்காரி.

"பூண்டு வாடை வருதுக்கா" என்றாள் நியுஷா.

"வாடைய வெச்சுப் பார்த்தா இந்த ஊரே விஷம் குடிச்ச ஊருதான், டாக்டர். நானே காலையில பூண்டு ஊறுகாய் தின்னுட்டுத்தான் வந்தேன்."

மஹ்ரூ நீரைக் குடுவையில் விட்டு மெல்லச் சூடாக்கினாள். வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்த தாளை அதன் வாயில் வைத்தாள். விஷவாயு பட்டால் தாள் கறுக்கும்.

தாள் கறுத்தது.

கதவருகே வந்து நின்ற கோலந்தாம், "கறுத்தா என்னம்மா அர்த்தம்?" என்றாள்.

"இன்னும் ஒண்ணும் அர்த்தமில்ல, தங்கச்சி" என்றாள் மஹ்ரூ. "பூண்டுல இருக்கற கந்தகமும் இந்தத் தாளைக் கறுக்கடிக்கும். நம்ம ஊரு வயித்துல அது எப்பவும் இருக்கும். இப்ப கந்தகத்தை வழியிலேயே மடக்குறேன்."

ஈய உப்பில் நனைத்த பஞ்சைக் குடுவையின் கழுத்தில் செருகினாள். கந்தகம் அதில் சிக்கிக்கொள்ளும். விஷவாயு சிக்காது, தாண்டி மேலே வரும். மேலே புதுத் தாள். மறுபடி சூடு.

பஞ்சு கறுத்தது. தாள் வெள்ளையாக இருந்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கோலந்தாம் இமைக்கவில்லை. தாள் வெள்ளையாகவே இருந்தது.

"பூண்டுதான்!" நியுஷா கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. கோலந்தாம் மஹ்ரூவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். பிறகு கணவரின் கட்டிலுக்கு ஓடினாள்.

"மனுஷனா நீ? வண்டு மாத்திரைய எவனாவது திம்பானா?" என்று அவர் தோளில் நாலு குத்து விட்டு, அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ரத்தப் பரிசோதனையும் இதயத் துடிப்பும் சரியாகவே இருந்தன. ஆனாலும் நாளைக் காலை வரை விடமாட்டேன் என்றாள் நியுஷா. மதியச் சாப்பாட்டில் பூண்டு போட்ட கத்தரிக்காய் உண்டா என்று கேட்டார் மீர் ஆகா. அவள் இன்னொரு முறை ரத்த அழுத்தம் பார்த்தாள். விஷமென்றால் இந்நேரம் பாதாளத்துக்குப் போயிருக்கும்.

"நூத்தி முப்பது."

மீர் ஆகா எழுந்து உட்கார்ந்தார். "போன வாரம் நூத்தி அம்பது! பாத்தியாடி? மாத்திரை வேலை செய்யுது!"