சுற்றாத பிலிம்

பாஸ்போர்ட் அலுவலகத்தில் அண்ணிக்கு வேலையே படம் எடுப்பதுதான். நாள் முழுக்க "நேரா பாருங்க, அசையாதீங்க" என்று சொல்லி வாய் வலித்துப்போகும். சரியாக வராவிட்டால் அழித்துவிட்டு இன்னொன்று. அப்படிப்பட்டவள், விடுமுறைக்கு ஒரு பழைய பிலிம் கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் வீட்டில் சிரிக்க மாட்டார்களா? கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு அவருடைய தங்கை வந்தாள். தபால்காரி. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடலோர ஊர். கடைசி நாள் காலையில்தான் அண்ணிக்குக் கேமரா எடுக்கத் தைரியம் வந்தது. பூட்டுக்கடைக்காரர், மொட்டை மாடியில் படுக்கைவிரிப்பு காயப்போடும் சலவைக்காரி, பட்டறையில் கட்டைகள்மேல் நின்ற புதுப்படகு என்று ஆசை தீர எடுத்துத் தள்ளினாள்.

"அண்ணி, எடுத்ததைக் காட்டுங்களேன்."

"உடனே பாக்க முடியாதுடி. ஊருக்குப் போய் கழுவினாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் என் தலை வெடிச்சிரும்!"

மதியம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தபோது அண்ணிக்குச் சந்தேகம் தட்டியது. ரோலில் இருப்பது முப்பத்தாறு படம். கேமராவில் ஓடும் எண் அதையும் தாண்டிவிட்டது. பிலிமை நகர்த்தும் லீவர் மட்டும் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழைத் திருகிப் பார்த்தாள். பிடிமானமே இல்லாமல் லொடலொடவென்று சுற்றியது. பின்மூடியைத் திறந்தாள். பிலிமின் நுனி உருளையில் மாட்டவே இல்லை. வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது.

"என்ன அண்ணி, மூஞ்சி இப்படிப் போயிருச்சு?"

"ஒரு படம்கூட விழலடி. காலையிலேர்ந்து வெறும் சத்தத்தைத்தான் எடுத்திருக்கேன்."

வாலு கண்ணை உருட்டினாள். பிறகு குபீரென்று சிரித்தாள். அண்ணிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப பிலிம் வீணாகலையே?"

"உள்ள அப்படியே புதுசா இருக்கு."

"ரயில் சாயங்காலம்தானே? எந்திரிங்க! தபால்காரிக்கு ஒரு தடவை நடந்தாப் போதும், தெருவெல்லாம் அத்துப்படி."

அண்ணி நுனியைப் பிளவில் செருகி, இழுத்துப் பார்த்து, மூடியை அடைத்தாள். லீவரைத் தள்ளியதும் குமிழும் கூடவே சுற்றியது. "சுத்துது, சுத்துது!" என்று அவள் கத்தியதில் பக்கத்து மேசைக்காரர் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

வாலு முன்னால் ஓட, அண்ணி கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். பூட்டுக்கடைக்காரர் காலையில் விறைப்பாக நின்றவர்.

"அதான் எடுத்துட்டீங்களேம்மா?"

"எடுக்கலைங்க. பிலிமை ஒழுங்கா மாட்டாமலே உங்களை அவ்வளவு நேரம் நிக்க வெச்சுட்டேன்."

அவர் சாவிக்கொத்து குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அண்ணி அதே நொடியில் பொத்தானை அழுத்தினாள். சலவைக்காரியின் மாடிக்கொடியில் இப்போது ஒரு துணிகூட இல்லை. காய்ந்த விரிப்புகளையெல்லாம் அள்ளிக்கொண்டு அவள் படியிறங்கி வந்தாள். குவியலுக்குமேல் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. "இது காலையில எடுத்ததைவிட நல்லாருக்கு!" என்று வாலு துள்ளினாள். ஒவ்வொரு படத்துக்கும் அண்ணி வெளிச்சம் பார்த்து, லென்ஸில் தூரத்தைத் திருப்பி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். இத்தனை வருட உத்தியோகத்தில் ஒருநாளும் ஒரு படத்துக்கு இவ்வளவு பாடுபட்டதில்லை.

வழியில் பார்த்ததையெல்லாம் எடுத்துக்கொண்டே பட்டறைக்கு வந்தபோது ஒரே ஒரு படம்தான் மிச்சம். அங்கே ஒரே கூட்டம். கடல் ஏறியிருந்தது. கட்டைகளைத் தட்டிவிட்டுப் படகை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சறுக்குப் பலகையின் நடுவே அது அடம்பிடித்து நின்றுவிட்டது.

"கை பத்தல! சும்மா நிக்கிறவங்க வந்து இழுங்கப்பா!" என்று படகுத் தச்சர் தொண்டை கிழியக் கத்தினார்.

வாலு பையை வீசிவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

"ஏய், ரயிலு!"

"அது கிடக்கு! நீங்க படத்தைக் கோட்டை விட்ராதீங்க!"

அண்ணி மண்டியிட்டாள். படகு அசைந்தது. இப்போதே எடுத்துவிடலாமா? இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா? எல்லோரும் ஒரே மூச்சாக இழுத்தார்கள். மரம் கிறீச்சிட்டது. படகு சரேலென்று வழுக்கித் தண்ணீரில் பாய, கயிறு தொய்ந்து, இழுத்தவர்கள் தொப்பென்று விழுந்தார்கள்.

கிளிக்.

அடுத்து லீவரைத் தள்ளினால் நகரவில்லை. ரோல் முடிந்துவிட்டது.

ரயிலில் வாலு ஏறியது சேறும் சகதியுமாகத்தான். பக்கத்தில் உட்கார ஆள் வராததால் காலை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த வாரம் படங்கள் கழுவி வந்தன. பாதி மங்கல். ஒன்றில் அண்ணியின் விரல் பூசணிக்காய் அளவுக்கு மறைத்திருந்தது. பூட்டுக்கடைக்காரருக்குத் தலையில் பாதியைக் காணோம். சிரிப்பு முழுசாக இருந்தது. கடைசிப் படத்தை எடுத்ததும் மூவரும் ஒன்றாகக் குனிந்தார்கள். படகு கடலைப் பிளந்துகொண்டு இறங்குகிறது. தண்ணீர் இருபுறமும் சிறகாக எழும்பியிருக்கிறது. முன்னால் சேற்றில் உட்கார்ந்தபடி, இரண்டு கையையும் தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு வாலு.

"கூத்துக்காரி மாதிரி இருக்கியே!" என்றார் அண்ணன்.

"போண்ணா, உனக்குப் பொறாமை. அண்ணி, இதைப் பெருசாப் போட்டு ஹால்ல மாட்டுவோம். வர்றவங்ககிட்ட எல்லாம் நானே சொல்லிக்கிறேன், இந்தப் படகைக் கடல்ல இறக்கினது யாருன்னு."