நாற்பத்து மூன்று ஓட்டு

நாற்பத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில் துர்காதேவி ஜெயித்தாள் என்று மைக்கில் சொன்னதும் ஆட்டோ ஹாரனிலிருந்து நான் கையை எடுக்கவே இல்லை. வாக்கு எண்ணும் இடத்துக்கு வெளியே நின்ற போலீஸ்காரர் லத்தியால் கம்பியைத் தட்டி, "ஏம்மா, எங்க காதெல்லாம் இன்னா வாடகைக்கா எடுத்தது?" என்றார். "ஜெயிச்சது என் ஃப்ரெண்டு சார், நாளைக்கு உங்களுக்கே ஆர்டர் போடுவா" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊருக்கே தெரியும்.

துர்கா பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். எங்கள் வார்டு கவுன்சிலர் இறந்துபோய் இடைத்தேர்தல் வந்தபோது, நில்லுடி நில்லுடி என்று அவளை அரித்தெடுத்தவளே நான்தான். காரணம் இருந்தது. நானும் ஜெயப்ரியாவும் ஆறு வருஷமாக ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறோம். நான் ஆட்டோ ஓட்டுகிறேன், அவள் சொசைட்டியில் தறி நெய்கிறாள். தெருவுக்கு நாங்கள் தோழிகள். போன வருஷம் ஜெயாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடப் போனேன். "நீங்க அவங்களுக்கு யாரு?" என்று கேட்டார்கள். அத்தனை நீள வாய்க்கும் அன்றைக்கு 'தோழி' என்றுதான் சொல்ல வந்தது; தோழி கையெழுத்து செல்லாது என்றார்கள். வந்தவாசியிலிருந்து அவள் அண்ணன் வந்துசேரும் வரை வலியில் சுருண்டு கிடந்தாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், நாலு பேர் பார்க்க மாலை மாற்றிக்கொள்வது என்று.

சட்டம் அதைக் கல்யாணம் என்று ஒத்துக்கொள்ளாது, தெரியும். டெல்லியில் பெரிய கோர்ட்டே, இது சட்டம் போடுகிறவர்கள் பார்க்க வேண்டிய விஷயம் என்று சொல்லிவிட்டது. சட்டம் போடுகிறவர்களை அனுப்புவது யார்? நாம்தானே? அப்படியானால் கீழேயிருந்து ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். "எங்க கல்யாணத்துக்கு நீதான் தலைமை. ஜெயிச்சுட்டு வா" என்றேன் துர்காவிடம். அவள் என் தலையில் கைவைத்து, "ஜெயிச்சா இன்னாடி, தோத்தாலும் நான்தான்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக இருபது நாள் சவாரியை விட்டுவிட்டு அவளுக்காக ஓடினேன். பத்திரிகைகூட அடித்துவிட்டேன், வெள்ளை அட்டையில் இருபத்தைந்து. "தலைமை: திருமதி துர்காதேவி, மாமன்ற உறுப்பினர்" என்று, ரிசல்ட் வருவதற்கு முன்பே. வருகிற வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டு மாடியில்.

எதிர்த்து நின்ற பரசுராமன் லேசுப்பட்டவர் இல்லை. அச்சகத்திலிருந்து எப்படியோ செய்தி கசிந்து அவர் காதுக்குப் போயிருக்கிறது. "பொண்ணும் பொண்ணும் கட்டிக்கிற கூத்துக்கு இந்தம்மா தலைமையாம். நான் வந்தா அந்த மாதிரி ஆளுங்கள வார்டை வுட்டே காலி பண்ண வெப்பேன்" என்று தெருமுனைக் கூட்டத்தில் மைக் போட்டுப் பேசினார். அவர் தோற்றதில் எனக்குச் சாப்பிடாமலேயே வயிறு நிறைந்தது.

திரும்பும்போது பட்டம்மாளை ஏற்றிக்கொண்டேன். எங்கள் தெருக்கோடியில் இட்லி விற்கிறவள், பெண்கள் ஓட்டைத் திரட்டிக் கொடுத்தவள்.

"எல்லாம் அந்தக் கற்பூரம் பண்ண வேலைமா" என்றாள்.

"எந்தக் கற்பூரம்?"

"உனக்குத் தெரியாதா? ஓட்டுக்கு மொத நாளு. நீ தென்னேரில இருக்கிற நம்மாளுங்கள ஓட்டுப் போட இட்டார போயிருந்தே. பரசுராமன் உங்க ரெண்டு பேரைப் பத்தி கண்டதையும் பேசிக்கினு இருந்தான் இல்ல? பொம்பளைங்கல்லாம் சேர்ந்து பிள்ளையார் கோயிலாண்ட துர்காவ நிறுத்திக் கேட்டுட்டோம். அவ கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டா. 'அதுங்க அக்கா தங்கச்சி மாதிரி. கல்யாணம் கில்யாணம் எதுவும் நடக்காது, என் வார்டுல நடக்க வுட மாட்டேன்'னு. உங்க மானத்தையே காப்பாத்திட்டா போ. அதுக்கப்புறம்தான் எங்களுக்கு ஓட்டுப் போட மனசே வந்துச்சு."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால், அதற்கு மேல் எங்கள் பக்கம் யாரும் எதிர்ப்பேச்சு பேச மாட்டார்கள். நான் பிரேக்கை மிதித்தது எனக்கே தெரியவில்லை. பின்னால் வந்த பைக்குக்காரன் திட்டிவிட்டுப் போனான். எங்கள் தெருப் பெண்கள் அறுபது பேரை வாக்குச்சாவடிக்கு ஏற்றிப்போய் இறக்கியது நான்தான். என் கல்யாணம் நடக்கக் கூடாது என்று விழுந்த ஓட்டுகளை நானே பெட்ரோல் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன்.

வீட்டில் ஜெயாவிடம் மூச்சு விடவில்லை. கேட்டால் உடைந்துபோவாள் என்று பயம். சாயங்காலம் மேளத்தோடு துர்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன், பின்னால் ஜெயா மாலையோடு. ஆரத்தி சுற்றி, நெற்றியில் பொட்டு வைக்கும் சாக்கில் துர்காவின் காதருகே போனேன்.

"கற்பூரம் அடிச்சியாமே?"

அவள் முகம் செத்துவிட்டது. சிரிப்பை மட்டும் கூட்டத்துக்காக விடாமல் பிடித்திருந்தாள்.

"வேற வழி இல்லடி. அவ்ளோ பேரும் சுத்திக்கினாங்க."

"உனக்காக நாயா அலைஞ்சேனேடி. முதுகுல குத்திட்டியே. நாங்க அக்கா தங்கச்சியா?"

"கத்தாதே கலை. நான் தயங்கினேன், என் புள்ளைங்க மேல ஆணையா தயங்கினேன். கற்பூரத் தட்டைப் பிடிச்சிருந்தவளே தீக்குச்சியக் கிழிச்சு, 'அடிங்கக்கா'ன்னா. யாருன்னு உன் வீட்டுக்குள்ளயே கேளு."

அவள் கண் என் தோளைத் தாண்டிப் போனது. நான் திரும்பினேன். ஜெயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேளம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

"நீயா?"

"ஆமா" என்றாள். "துர்காக்கா சத்தியம் பண்ணலைன்னா அந்தாளு ஜெயிச்சிருப்பான் கலை. மொத வேலையா வீட்டு ஓனரம்மாவ மிரட்டி நம்மள வெளிய தள்ளியிருப்பான். கல்யாணம் இல்லாம ஆறு வருஷம் இருந்துட்டோம். வீடு இல்லாம இருக்க முடியுமா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ வுட்டிருப்பியா?"

"அடிப்பாவி! நேத்துதானே தையல்காரம்மா கல்யாண ரவிக்கையக் கொடுத்துட்டுப் போனா. கண்ணாடி முன்னாடி நின்னு போட்டுப் பாத்தியே! கை சரியா இருக்குதான்னு என்னையே கேட்டியேடி!"

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை என்பது அதைவிட எரிச்சல். பரசுராமன் ஜெயித்திருந்தால் எங்கள் பாத்திரம் பண்டம் தெருவில் கிடந்திருக்கும். கேட்டிருந்தால் நானே சரி என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. துர்கா செய்தது அரசியல், திட்டித் தீர்த்துவிடலாம். இவளை நான் என்ன சொல்லித் திட்டுவேன்?

அந்த நேரம் பார்த்துப் பட்டம்மாள் லட்டு டப்பாவோடு உள்ளே வந்தாள். "அக்கா தங்கச்சிங்க ரெண்டு பேரும் வாயைத் தொறங்க."

ஜெயா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். நான் திறக்கவில்லை. விறுவிறுவென்று ஆட்டோவுக்குப் போய் ஒரு பத்திரிகையை எடுத்துவந்து பட்டம்மாள் கையில் கொடுத்தேன்.

"வெள்ளிக்கிழமை. நீ கண்டிப்பா வரணும்."

"இன்னாமா விசேஷம்?" அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "கண்ணாடி எடுத்தாரலியே. நீ படிம்மா ஜெயா."

ஜெயா வாங்கினாள். முதல் வரியிலேயே எங்கள் இரண்டு பேர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. படித்தால் போதும், கேட்கப்போவது ஒரே ஒரு கிழவி. படிடி, என்று மனசுக்குள் கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. ஜெயா அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், லட்டை மென்று விழுங்கினாள்.

"துர்காக்கா ஜெயிச்சதுக்குப் போட்ட நோட்டீஸு, பட்டம்மா" என்று சொல்லி, அதை இரண்டாக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அதானே பாத்தேன்" என்றாள் பட்டம்மாள். "நீ இன்னும் வாயைத் தொறக்கலியே கலை" என்று லட்டை என் பக்கம் நீட்டினாள்.

நான் ஜெயாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து லட்டை வாங்கிக்கொண்டேன்.