சிலுவையின் கால் பக்கம்

ஒபேலியா செத்த ஒன்பதாம் நாள் மத்தியானம், அவளுடைய காலை நான் மாப்பு போட்டுத் துடைத்துவிட்டேன்.

உடம்பின் காலை அல்ல. உடம்பைப் பெட்டியில் வைத்து விமானம் ஏற்றி, மெக்சிகோவில் அவள் பிறந்த ஊருக்கு அனுப்பியாயிற்று. அங்கே அவள் தம்பிமார் வாங்கி அடக்கம் செய்துவிட்டார்கள். அமெரிக்காவின் இந்த ஆப்பிள் பள்ளத்தாக்கில் எங்களுக்கு மிஞ்சியது, அவளுடைய ட்ரெய்லர் வீட்டுக் கூடத்தின் தரையில் போட்ட சுண்ணாம்புச் சிலுவை மட்டும்தான். ஓர் ஆள் நீளம். தலை மாதா படத்தின் பக்கம், கால் வாசல் பக்கம். எங்கள் வழக்கத்தில் செத்தவர் ஒன்பது நாளும் அந்தச் சிலுவையில்தான் படுத்திருப்பார். ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும், ஐந்து பேர் மண்டியிட்டு அதை அள்ளி எடுக்க வேண்டும். தலை, நெஞ்சு, வலது கை, இடது கை, கடைசியாகக் கால். அதற்குப் பிறகுதான் ஆத்மா எழுந்து நடக்கும். அள்ளியதைக் கொண்டுபோய்க் கல்லறையில் சேர்ப்பதற்கு ஒபேலியாவின் ஒரே மகள் யெசேனியா செவ்வாய்க்கிழமை விமானத்துக்குச் சீட்டு எடுத்து வைத்திருந்தாள்.

கால் என்னுடைய பங்கு. சாவதற்கு இரண்டு நாள் முன்பு ஒபேலியாவே சொன்னாளாம், "காலை டெல்பினா எடுக்கட்டும்" என்று. கேட்டபோது எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. ஊரில் வேறு ஆளே இல்லையா? நான் அதற்கு லாயக்கில்லாதவள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

ஒபேலியா என் மகனுக்கு ஞானத்தாய். கோவிலில் அவனைக் கையில் ஏந்தி நின்றவள். அன்றிலிருந்து அவளுக்கு நான் கொமாத்ரே, எனக்கு அவள் கொமாத்ரே. கூடப் பிறந்தவளிடம்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகலாம், கொமாத்ரேயிடம் முடியாது. இருவரும் ஒரே பேக்கிங் ஷெட்டில், ஒரே பெல்ட்டில், பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆப்பிள் பொறுக்கினோம். பத்து மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்க வேண்டும். சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் கால் உள்ளே வீங்கிக் கிடக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். அது வேலையோடு வருவது என்று நாங்கள் இருந்தோம். ஒபேலியா மட்டும் இருக்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு காலையில், காலுக்கடியில் ரப்பர் பாய் போட்டுத் தரச் சொல்லி அவள் சூப்பர்வைசரிடம் கேட்டாள். அவன் சிரித்தான். "நீ மட்டும்தான் கேக்குற. மத்தவங்க யாரும் கேக்கலையே" என்றான். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களாடி? என்கூட இருக்கிறவங்க பெல்ட்ட விட்டு ஒரே ஒரு அடி முன்னால வாங்க. பேச வேணாம். ஒரு அடி போதும்."

இருபத்திரண்டு பெண்கள் நின்றோம். ஒருத்திகூட அசையவில்லை. எல்லாரையும்விடப் பக்கத்தில் நின்றவள் நான். என் கையில் ஒரு ஆப்பிள் இருந்தது. சொத்தை இல்லை, அடிபடவில்லை, ஒன்றுமில்லை. அதை நான் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அவளைக் குளிர் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே பெட்டி அடுக்கினாள். அங்கிருந்துகொண்டே யார் யாருக்கோ புகார் எழுதிப் போட்டாள். அடுத்த சீசனில் பாய் வந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பாயின் மேல்தான் நிற்கிறோம். அந்தக் குளிர்தான் அவள் நெஞ்சைக் கெடுத்தது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். டாக்டர் வேறு ஏதோ பெயர் சொன்னார். அந்த ஒரு அடியைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வழக்கம்போல வந்தாள், காபி குடித்தாள், என் மகன் தலையைக் கலைத்து விளையாடினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

இப்போது ஒன்பதாம் நாளுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் கூட்டம் வரும், சோள மாவை இலையில் மடித்துத் தமாலே வேக வைக்க வேண்டும் என்று மத்தியானமே போய்விட்டேன். யெசேனியா பூச்சாடிகளுக்குத் தண்ணீர் மாற்ற எல்லாவற்றையும் கொல்லைக் குழாய்க்கு எடுத்துப் போயிருந்தாள். வாசலில் யாரோ காபியைக் கொட்டி வைத்திருந்தார்கள். மாப்பை எடுத்தேன். சனிக்கிழமைகளில் நான் மோட்டல் அறை துடைக்கிறவள், பதினோரு வருடமாக. அழுக்கைக் கண்டால் என் கை என்னைக் கேட்காது. வாசலில் ஆரம்பித்து நாலு இழுப்பு இழுத்தேன். ஐந்தாவது இழுப்பில் மாப்பு வெள்ளையாக வந்தது.

கால் பக்கம் முழங்கால் வரை போய்விட்டது. பூச்சாடி அங்கே இருந்திருந்தால் இடித்திருக்கும். இல்லை.

துடைப்பம்கூட ஒன்பது நாள் அந்தக் கூடத்துக்குள் வரக்கூடாது. பெருக்கினால் ஆத்மாவையே வெளியே பெருக்கியது போல. நானோ தண்ணீர் ஊற்றித் துடைத்திருக்கிறேன். கால் இல்லாமல் அவள் எப்படி எழுந்து போவாள்?

அடுப்படி அலமாரியில், சோளம் ஊறவைக்கிற சுண்ணாம்பு டப்பா இருந்தது. ஒபேலியாவின் டப்பா. என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். மண்டியிட்டுத் தரையை ஏப்ரனால் ஒற்றி உலர்த்தி, டப்பாவிலிருந்து புதுச் சுண்ணாம்பை எடுத்து அதே அகலத்தில் இழுத்துவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. யெசேனியா பூவோடு வந்தபோது நான் தமாலே மடித்துக்கொண்டிருந்தேன். மாப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற மட்டும் கை வரவில்லை. வாளியை வெளியே படிக்கட்டின் அடியில் தள்ளி வைத்தேன்.

ஆறு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். பெரும்பாலும் ஷெட்டுப் பெண்கள். ஜெபம் சொல்ல டோன்யா ரெமேதியோஸ். அவரும் எங்களோடு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்தான், ஆனால் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டால் பாதிரியாருக்கே உத்தரவு போடுவார். எங்கள் பெல்ட்டில் நிற்கிற நயேலி ஏழு மாத வயிற்றோடு வந்து, சுவரோரம் ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்தாள். கால் இரண்டும் மாவு பிசைந்து வைத்தது போல உப்பியிருந்தன. போன வாரம் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள். "இது நின்னு செய்ற வேலை" என்று அனுப்பிவிட்டான் அதே சூப்பர்வைசர்.

ஜெபமாலை முடிந்தது. ஐந்து மெழுகுவத்தி எரிந்தது. ஒவ்வொரு பகுதியாக அள்ள அள்ள, ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். யெசேனியா தலையை எடுத்தாள். டோன்யா ரெமேதியோஸ் நெஞ்சை எடுத்தார். எங்களோடு பெல்ட்டில் நிற்கிற அம்பாரோ வலது கையையும், அவள் அக்கா இடது கையையும் எடுத்தார்கள். ஒரு பூந்தொட்டிக் கரண்டி, ஒரு பழைய ஷூ பெட்டி, வெல்வெட்டுத் துணி. அவ்வளவுதான். நான்கு மெழுகுவத்தி அணைந்துவிட்டது.

"கால்" என்றார் டோன்யா ரெமேதியோஸ்.

மண்டியிட்டேன். கரண்டியைப் பிடித்தேன். முன்னால் பளிச்சென்று வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அள்ளிப் போட்டு ஊதி அணைத்தால் முடிந்தது. என்னைத் தவிர ஒருத்திக்கும் தெரியாது. அந்தச் சொத்தையில்லாத ஆப்பிள்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"இது ஒபேலியா இல்ல" என்றேன்.

"என்னது?"

"இது நான் மத்தியானம் போட்டது. கால் பக்கத்த நான் மாப்பு போட்டுத் துடைச்சுட்டேன். தெரியாமத்தான் துடைச்சேன். ஆனா மறைச்சது தெரிஞ்சுதான் மறைச்சேன்."

யாரோ வாய்க்குள் மாதாவைக் கூப்பிட்டார்கள். டோன்யா ரெமேதியோஸ் முகம் சிவந்துவிட்டது.

"அறிவிருக்காடி உனக்கு? ஒன்பது நாள் தொண்டை வத்த ஜெபம் பண்ணிருக்கோம்! ஒரு பொம்பளையப் பாதியா அனுப்பி வைக்கப் பாத்தியா?"

"திட்டுங்க டோன்யா. இன்னும் திட்டுங்க. அன்னைக்கு ஒரு அடி வைன்னு கேட்டாளே, அப்பவும் நான் இப்படித்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். என் புள்ளைய ஏந்துனவ. அவ குளிர்ல சாகப் போனா, நான் ஆப்பிளப் பாத்துக்கிட்டு நின்னேன்."

டோன்யா ரெமேதியோஸ் என்னைப் பார்க்காமல் ஜெபமாலையைப் பார்த்தார். அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"நான் ஸ்டிக்கரப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார். "நீ ஒருத்திதான் நின்ன மாதிரி பேசாத."

"நானுந்தான்" என்றாள் அம்பாரோ.

யெசேனியா ஷூ பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தண்ணி எங்க சித்தி?" என்றாள் கடைசியில்.

"ஊத்தல. வெளிய படிக்குக் கீழ இருக்கு."

அவளே போய் வாளியைத் தூக்கி வந்தாள். ஆறு மணி நேரத்தில் சுண்ணாம்பெல்லாம் அடியில் படிந்திருந்தது. மேல் தண்ணீரை மெல்லச் சாய்த்து, வாசலில் ஒபேலியா வளர்த்த ரோஜாச் செடிக்கு ஊற்றினாள். அடியில் காபிக் கறையோடு சேறு போல ஒரு கை அளவு நின்றது.

"அழுக்கா இருக்கே" என்று நயேலி மெதுவாகச் சொன்னாள்.

"அவ காலு என்னைக்குடி சுத்தமா இருந்துச்சு?" என்றார் டோன்யா ரெமேதியோஸ். சொல்லிவிட்டு அழுதார். அழுகையோடு இரண்டு மூன்று பேர் சிரித்தும்விட்டார்கள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜெபத்தத் தண்ணி கரைக்காது. கையாலயே எடு" என்றார்.

கரண்டியை வைத்துவிட்டுக் கையாலேயே வழித்தேன். சுண்ணாம்பு விரல் இடுக்கில் எரிந்தது. யெசேனியா பெட்டியை நீட்டிப் பிடித்தாள். எங்கள் இருவர் முகமும் பக்கத்தில் இருந்தது.

"அம்மா ஏன் உங்களுக்குக் காலக் குடுத்தாங்கன்னு தெரியுமா?"

"பெரிய மனசு அவளுக்கு."

"அதெல்லாம் இல்ல. நானும் கேட்டேன், அந்தச் சித்திக்கு எதுக்குன்னு. எனக்கு உங்க மேல கோவம்தான், இப்பவும். அதுக்கு அம்மா சொன்னாங்க, 'அவளுக்குக் கால் இருக்குறது அவளுக்கே மறந்துபோச்சு. என் கால அவ கையில குடு. ஒரு அடியாவது வைக்கட்டும்'னு."

குனிந்து ஐந்தாவது மெழுகுவத்தியை ஊதினேன். டோன்யா ரெமேதியோஸ் வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார், அவள் போகட்டும் என்று. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டரை மணிக்கு நயேலி பெல்ட் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. மறுபடி ஸ்டூல் கேட்டாள். சூப்பர்வைசர் வந்தான்.

"உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? வேற யாராவது கேட்டாங்களா?"

என் கையில் ஓர் ஆப்பிள் இருந்தது. அதை பெல்ட்டில் போட்டேன். ரப்பர் பாயை விட்டு சிமென்ட் தரையில் ஓர் அடி வைத்தேன். விரல் இடுக்கில் சுண்ணாம்பு எரிச்சல் இன்னும் இருந்தது.

"நான் கேக்குறேன்" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெல்ட் சத்தத்தில் பின்னால் யார் வருகிறார்கள், வரவில்லை என்று எதுவும் கேட்கவும் இல்லை. ஆனால் அவனுடைய கண் என்னை விட்டு என் தோளுக்குப் பின்னால் போனது. அங்கே ஒரு முகத்தில் நின்றது. அடுத்த முகத்துக்குப் போனது. அதற்கு அடுத்த முகத்துக்கு. அப்படியே பெல்ட்டின் கடைசி வரை போய், திரும்பி வர அவனுக்கு வெகு நேரம் பிடித்தது.