பெல்ஜியத்திலிருந்து ஒருவர்

2019 டிசம்பர் 14, சனிக்கிழமை, யாங்கோன் நகரின் கியாக்டடா பகுதியில் உள்ள ஒரு பயண அலுவலகம் வெளிநாட்டுப் பயணிகளுக்கான நகரச் சுற்றுச் சீட்டை முதன்முறையாக வெளியிட்டது. சீட்டு ஒரு நாளைக்குச் செல்லும். ஆற்றங்கரைப் பகோடா, அருங்காட்சியகம், சாய்ந்த புத்தர் கோயில், ஏரிப் பூங்கா என நான்கு இடங்கள். அட்டையில் நான்கு கட்டங்கள். வாசலில் வெளிநாட்டவர் கட்டணம் கட்டுவதற்குப் பதிலாக அட்டையை நீட்டினால் முத்திரை குத்தி உள்ளே விடுவார்கள்.

முதல் இரண்டு அட்டைகளையும் அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் செலின் தானே வாங்கினார், தம்பி பிள்ளைகளுக்காக. தம்பி ஜேசுராஜ் பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தில் இருக்கிறார்; குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்தார். மனைவி தான்டா, யாங்கோனின் க்யிம்யிண்டைங் பகுதியைச் சேர்ந்த பர்மியப் பெண். பிள்ளைகள் இரண்டு பேர்: ஒன்பது வயது பெர்சிஸ், ஐந்து வயது ராபர்ட். இரண்டும் அம்மாவை உரித்து வைத்த முகம். அன்று கணவனும் மனைவியும் ஊருக்கு வெளியே மாவ்பியில் ஒரு உறவினரைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஜேசுராஜின் தோள்பையில் இருந்த பாஸ்போர்ட்டுகளும் அவரோடு போய்விட்டன.

பெர்சிஸிடம் ஒரு ஆல்பம் இருந்தது. வியன்னா, பிராக், லிஸ்பன் என்று போன ஊர்களின் சுற்றுலா அட்டைகளை அதில் வைத்திருந்தாள். எதிலும் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. பிராகில் கடைசி முத்திரைக்காக அவள் அப்பா, தூங்கிப்போன ராபர்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கோபுரத்தின் உச்சிவரை ஏறியிருந்தார். அடுத்த பக்கம் யாங்கோனுக்கு.

"நாலும் வேணும் அத்தை. ஒண்ணு விட்டாலும் ஆல்பத்துல வைக்க மாட்டேன்."

"நாலுதானே? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடலாம்" என்றார் செலின். பிள்ளைகளின் கன்னத்தில், பர்மியர் பூசிக்கொள்ளும் தனக்கா மரப்பட்டையை அரைத்து வட்டமாகப் பூசி, பெர்சிஸுக்குப் பூப்போட்ட சின்ன லுங்கியும் கட்டிவிட்டார். செய்த தப்பு அதுதான் என்பது அவருக்கு அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது.

ஆற்றங்கரைப் பகோடாவின் வாசலில் வெளிநாட்டவருக்கென்று ஒரு மேசை. அதன் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். செருப்பைக் கழற்றி வைத்த கையோடு பெர்சிஸ் அட்டையை நீட்டினாள். அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தட்டினாள்.

"இது உனக்கு எதுக்கு, தமீ?" என்றாள் பர்மியத்தில், மகளே என்று கூப்பிடுகிற தொனியில். "உள்ளே போ."

பிறகு செலினைப் பார்த்து மேசையைத் தட்டினாள். "நீங்கதான் சீட்டு வாங்கணும்."

செலினின் கை தானாகவே கைப்பையின் வெளியறைக்குப் போனது. குடிமக்கள் அட்டைக்கு, பர்மியர் மப்பொன்தின் என்று சொல்வதற்கு, அந்த அறையில் நிரந்தர இடம். செலின் பிறந்தது கியாக்டடாவில்; பாட்டனுக்குப் பாட்டன் இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஆனாலும் எந்தப் பகோடா வாசலிலும் முதல் பார்வையில் அவருடைய தமிழ் முகத்தை யாரும் நம்பியதில்லை. அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த அம்மாள் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"இந்தப் பிள்ளைதான் வெளிநாடு" என்றார் செலின்.

"நான் பெல்ஜியம்" என்றாள் பெர்சிஸ், பர்மியத்தில்.

"எவ்வளவு நல்லா பொய் சொல்லுது பாரு" என்று சிரித்தாள் அந்த அம்மாள். அதற்குள் ராபர்ட் அவளிடம், அம்மா சொல்லிக்கொடுத்த அச்சுப் பிசகாத பர்மியத்தில், மேசைக்குக் கீழே படுத்திருக்கும் பூனையின் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அருங்காட்சியகத்துக்குப் போகும் டாக்ஸியில் பெர்சிஸ் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து முகத்தைக் கழுவினாள்.

"இனிமே யாரும் பர்மியம் பேசக் கூடாது. ராபி, உனக்குத்தான் சொல்றேன்."

"பூனை பேரு ஷ்வே வா" என்றான் ராபர்ட்.

அருங்காட்சியக வாசலில் பெர்சிஸ், கென்டில் பேசும் பிளெமிஷ் மொழியில் மட்டும் பேசினாள். காவலர் கவனமாகக் கேட்டார். "ஸ்கூல் நாடகமா?" என்று செலினிடம் விசாரித்தார். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இலவசம், முத்திரை குத்தினால் கணக்கு ஒத்துப்போகாது என்று சொல்லி இருவரையும் உள்ளே அனுப்பினார். செலினை நிறுத்தினார். செலின் மப்பொன்தினை எடுத்தார்.

பெர்சிஸ் ஒரு கண்ணாடிப் பெட்டியையும் பார்க்கவில்லை. ராஜாவின் சிம்மாசனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மோஹிங்கா நூடுல்ஸ் கடையிலும் அவள் கரண்டியைத் தொடவில்லை. அட்டையைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்திருந்தாள். நான்கு கட்டங்களும் வெள்ளையாக இருந்தன.

"திங்கக்கிழமை எங்க ஆபீஸ் முத்திரையை நானே குத்தித் தர்றேன், கண்ணு."

"அது ஏமாத்து அத்தை. வாசல்ல இருக்கறவங்கதான் குத்தணும்." கொஞ்ச நேரம் கழித்து, "உங்களை மட்டும் எல்லாரும் ஏன் கேக்கறாங்க?" என்றாள்.

"என் மூஞ்சி அப்படி."

"நீங்க ரொம்ப லக்கி."

செலின் நூடுல்ஸை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். நாற்பத்தாறு வயதுக்குள் இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. பெர்சிஸ் கிண்டல் செய்யவில்லை. முழுப் பொறாமையோடு சொன்னாள்.

"அந்த அட்டையில பேரு எழுத இடம் இருக்கா?" என்று கேட்டார் செலின்.

"இல்லை."

"சரி. சாப்பிடு முதல்ல."

சாய்ந்த புத்தர் கோயில் வாசலில் ஒரு இளம்பெண் கையை நீட்டி மறித்தபோது, செலினின் கை கைப்பையின் வெளியறை வரை போய், திரும்பி வந்தது. பெர்சிஸின் அட்டையை நீட்டினார்.

"எந்த நாடு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

செலின் கைப்பையை இழுத்து மூடினார். பின்னாலிருந்து பெர்சிஸ் முதுகில் குத்தினாள்.

"பெல்ஜியம்."

"பர்மியம் பிரமாதமா பேசறீங்களே! எங்கே கத்துக்கிட்டீங்க?"

"இங்கேதான்" என்றார் செலின்.

முத்திரை விழுந்தது. பெர்சிஸ் அதை ஊதி உலர்த்தினாள். அதன் பிறகு புத்தரின் பாதங்களை இரண்டு முறை சுற்றிப் பார்த்தாள், கண்ணிமை எவ்வளவு நீளம் என்று கேட்டாள், படம் எடுத்தாள். ஏரிப் பூங்காவில் இரண்டாவது முத்திரை. அங்கே செலின், கேட்பதற்கு முன்பே, "பெல்ஜியம், கென்ட்" என்றார். "அங்கே குளிர் எப்படி?" என்று காவலர் கேட்டதற்கு, "பழகிடுச்சு" என்றும் சொல்லிவைத்தார். ராபர்ட் பாலத்தில் நின்று தன் அட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்து மீன்களுக்குப் போட்டான். மீன்கள் தொடவில்லை.

அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. பெர்சிஸ் அழவில்லை. "பகோடா, சீக்கிரம்" என்றாள். சனிக்கிழமை நெரிசலில் டாக்ஸி நகரவில்லை. இறங்கி, ஸ்ட்ராண்ட் சாலை ஓரமாக, செலினும் பெர்சிஸும் ராபர்ட்டை ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மேசைக்குப் பின்னால் அதே மூக்குக்கண்ணாடி அம்மாள்தான் இருந்தாள். செலின் மூச்சு வாங்க அட்டையை நீட்டினார்.

"எந்த நாடு?" என்று வழக்கப்படி கேட்டுவிட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள். ராபர்ட் மேசைக்குக் கீழே போய்விட்டிருந்தான். "காலையில மப்பொன்தின் காட்டினது நீங்கதானே?"

"நான்தான்."

"காலையில யாங்கோன், சாயங்காலம் வெளிநாடா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பெர்சிஸ் செலினின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அமா" என்றார் செலின், அக்கா என்று அழைக்கும் மரியாதையோடு. "நான் பிறந்ததிலேருந்து இந்த வாசல்ல நின்னு வெளிநாட்டுக்காரி இல்லை, இல்லைன்னு சொல்லிட்டிருக்கேன். ஒரு தடவையாவது மப்பொன்தினைப் பார்க்காம நம்பியிருக்கீங்களா? இன்னைக்கு ஒருநாள் ஆமாங்கறேன். இதையாவது நம்புங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். செலினைப் பார்த்தாள், பெர்சிஸைப் பார்த்தாள், மேசைக்குக் கீழே குனிந்து ராபர்ட்டையும் பூனையையும் பார்த்தாள்.

"எந்த நாடு?" என்று மறுபடி கேட்டாள்.

"பெல்ஜியம்" என்றார்கள் செலினும் பெர்சிஸும் ஒன்றாக.

முத்திரை விழுந்தது. விளக்கு ஏற்றும் நேரம் வரை அவர்கள் பகோடாவில் இருந்தார்கள். இரவு ஹோட்டலில் பெர்சிஸ் அந்த அட்டையை, ஒரு கட்டம் காலியாகவே, ஆல்பத்தில் லிஸ்பனுக்கு அடுத்த பக்கத்தில் வைத்தாள். அன்று மூன்று வாசல்களிலும் பெல்ஜியத்திலிருந்து ஒருவர் வந்ததாகக் கணக்கு எழுதப்பட்டது.