பல்லில் பிடித்த நூல்

புருவம் திருத்த வந்து உட்காரும் பெண்கள் ஏன் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள் என்பது ஜெனிஃபருக்குப் பிடிபடவே இல்லை. வலித்தால் கத்துவார்கள், கண் கலங்குவார்கள். இது வேறு. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இவள் குனிந்ததும், எதிரில் இருப்பவள் குளத்தில் முங்கப்போகிறவளைப் போல மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பவுடர் எடுக்க இவள் திரும்பினால் பின்னால் பெருமூச்சு கேட்கும்.

பொத்தேரியில் அந்த பியூட்டி பார்லருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே ஜெனிஃபரின் கைதான். இப்போதோ கல்லூரிப் பெண்கள், "ஷாரோன் அக்கா ஃப்ரீயா?" என்று கேட்டு, அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். கூட வேலை செய்யும் ஷாரோன் புருவத்தைக் கேள்விக்குறியாக வளைத்து அனுப்புகிறவள். அவளுக்குக் கூட்டம் சேர்கிறதென்றால் உலகத்தில் ஏதோ கோளாறு.

அடுத்த மாதம் மாமல்லபுரம் ரிசார்ட்டில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு மணப்பெண் அலங்காரம் வந்திருந்தது. வழக்கமாக ஜெனிஃபர் போவாள். கடைக்காரி ரோகிணி முகத்தைப் பார்க்காமல், "இந்த வாட்டி ஷாரோன் போகட்டும், ஜெனி" என்றாள்.

அன்றைக்கு வந்தவள் சிநேகா, பல் மருத்துவம் படிக்கிற பெண். அவளும் மூச்சைப் பிடித்தாள்.

"இன்னா பாப்பா, நான் குனிஞ்சாலே மூச்ச புடிச்சிக்கிற? நெசத்த சொல்லு, கோச்சிக்க மாட்டேன்."

சிநேகா தயங்கினாள். "அக்கா... உங்க வாய்ல ஸ்மெல் வருதுக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது ஜெனிஃபருக்கு. வீட்டுக்குப் போய்ப் புருஷனைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்யா, நீயாவது சொல்லக் கூடாதா?"

"கொரோனாவுல மூக்கு போனதுலேர்ந்து எனக்கு மல்லியும் கருவாடும் ஒண்ணுதான். என்னான்ட வந்து கேக்கிறியே" என்றான் ஸ்டான்லி.

வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்று ரோகிணி சொன்னதை நம்பிச் சீரகத் தண்ணீர் குடித்தாள். கிராம்பு மென்றாள். காரமான மவுத்வாஷை வாங்கி நாள் முழுக்கக் கொப்புளித்தாள். மாஸ்க் போடலாமென்றால் நூலை எதால் கடிப்பது?

மணிக்கட்டை நக்கி, காயவிட்டு, மோந்து பார்க்கச் சொல்லியிருந்தாள் சிநேகா. முதல் தடவை மோந்ததும் ஜெனிஃபர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் அழுகையைத் தள்ளிவிட்டு ஆர்வம் வந்து உட்கார்ந்தது. காலையில் நக்கினாள், டீக்குப் பிறகு நக்கினாள், சோற்றுக்குப் பிறகு நக்கினாள். பூனை கெட்டது போங்கள்! சாப்பிட்டவுடன் வாடை குறைகிறது, சாயங்காலம் குடலைப் புரட்டுகிறது. இதென்ன கணக்கு? வயிற்றுக் கோளாறென்றால் சாப்பிட்டதும் ஏன் குறைய வேண்டும்?

சிநேகாவிடமே கேட்டாள்.

"மென்னு சாப்பிட்டா எச்சில் ஊறும்க்கா, அது வாயைக் கழுவிடும். பகல்ல தண்ணி குடிக்கிறீங்களா?"

"எங்க குடிக்கிறது? கடைல பாத்ரூம் இல்ல. பக்கத்து செல்போன் கடைக்காரன்கிட்ட சாவி கேக்கறதுக்கு வாய ஒணத்தினு கெடக்கலாம்."

"அதான் காஞ்சுபோகுது. அந்த மவுத்வாஷ்ல ஸ்பிரிட் இருக்கு, அது இன்னும் காய வைக்கும். நாளைக்கு எங்க காலேஜுக்கு வாங்க."

மறுநாள் பேராசிரியர் பார்த்து, நாக்கில் படிந்த வெள்ளையைக் காட்டினார். பல்லில் இறுகியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம் கசிந்தது. கடைசியில் சிநேகா மெழுகு பூசிய மெல்லிய நூலொன்றைக் கடைவாய்ப் பல்லிடுக்கில் செலுத்தி இழுத்து, ஜெனிஃபரின் மூக்கருகே நீட்டினாள். அதே வாடை! திருடன் கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டான்.

"இடுக்குல தங்கினதைக் கிருமி தின்னுதுக்கா. பிரஷ் அங்க போகாது."

ஜெனிஃபர் நூலையே பார்த்தாள், பிறகு வாய் விட்டுச் சிரித்தாள். "நாள் பூரா நூலக் கடிச்சினு கீறேன், இடுக்குல ஒரு தபா வுட்டதில்லியே!"

"பார்லர் நூலை விட்டுடாதீங்க, ஈறைக் கிழிச்சிடும். இதைத்தான் விடணும்."

அதன்பின் ராத்திரிதோறும் கண்ணாடி முன்னால் அந்த நூலோடு நின்றாள். நாக்கை வழித்தாள். சாவிக்காக வெட்கப்படாமல் கை நீட்டி, தண்ணீர் குடித்தாள். மணிக்கட்டு சும்மா மணிக்கட்டாக மணந்த ஒரு நாள், ரோகிணியைப் பிடித்து உட்காரவைத்து அவள் புருவத்தின் மேல் குனிந்தாள். ரோகிணி வழக்கம்போல மூச்சை அடக்கினாள். எத்தனை நேரம் தாங்கும்? விட்டாள், இழுத்தாள், மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

"மாமல்லபுரத்துக்கு நீயே போ" என்றாள்.

ரிசார்ட்டில் விடியற்காலை. மணப்பெண் புருவத்தில் கடைசித் திருத்தம். ஜெனிஃபர் நூலைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். மணப்பெண் மூச்சை அடக்கவே இல்லை, தாராளமாக விட்டாள். ஜெனிஃபருக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

அடுத்த நொடி அடங்கியது ஜெனிஃபரின் மூச்சு. ராத்திரி முழுக்கத் தூங்காமல், பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் காய்ந்து கிடந்த மணப்பெண்ணின் வாயிலிருந்து அதே வாடை.

பேசாமல் இருந்துவிடலாம். அத்தனை பேரும் தன்னிடம் அப்படித்தான் இருந்தார்கள். ஜெனிஃபர் நூலை வாயிலிருந்து எடுத்தாள்.

"தப்பா நெனச்சிக்காத பாப்பா. வாய் காஞ்சி வாடை வருது. தண்ணி குடி, நாக்க வழிச்சிட்டு வா. மாப்ள பக்கத்துல ஒக்கார்றதுக்கு முன்னாடி ஒருத்தராவது சொல்லணும்ல?"

மணப்பெண்ணின் முகம் ரூஜ் இல்லாமலே சிவந்தது. பிறகு ஜெனிஃபரின் கையை ஒரு தடவை இறுக்கிவிட்டு, தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.