நூற்று எண்பத்து மூன்று அடிக்குறிப்புகள்

‘வீராயி பேச உட்கார்ந்தால் மீன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடுவாள். பேச்சு நேரத்தில் வியாபாரம் கிடையாது.’

கம்ப்யூட்டர் திரையில் அந்த வரியைப் பார்த்ததும் ஃபரீஹாவின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. அது அவள் எழுதிய வரி.

2016இல் தவளக்குப்பம் மார்க்கெட்டில் மூன்று மாதம் மீன்காரிகளோடு உட்கார்ந்து, துணியெல்லாம் கவிச்சி வாடையோடு கருவடிக்குப்பத்து வீட்டுக்கு பஸ் ஏறி, எம்.பில். ஆய்வேட்டுக்காக எழுதியது. ஒரு பிரதி துறை நூலகத்தில், ஒரு பிரதி அவளிடம். அடுத்த வருடமே அத்தா படுக்கையில் விழ, பிஎச்.டி. கனவை மூட்டை கட்டிவிட்டு, தங்கை பேரில் இருந்த இந்த ‘நூரீன் டைப்பிங் – பைண்டிங்’ கடையில் வந்து உட்கார்ந்தவள்தான். ஊரார் ஆய்வேடுகளையெல்லாம் அழகுபடுத்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

இது ஹரிகிருஷ்ணன் கொடுத்த பென் டிரைவ். தனியார் கல்லூரி விரிவுரையாளர். டாக்டர் பட்டம் வந்தால் துறைத்தலைவர் நாற்காலி. “அடிக்குறிப்பெல்லாம் ரூல்படி நீங்களே சரி பண்ணிடுங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மூன்றாம் இயல், நான்காம் இயல் இரண்டும் முழுசாக அவளுடையவை. பக்கம் 118இல் இப்படி இருந்தது: ‘நேர்காணல்: வீராயி, 12 மார்ச் 2023. ஆய்வாளர் நேரில் எடுத்தது.’

வீராயி செத்தது 2019இல். எழவு வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டு வந்தவள் ஃபரீஹா. போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆனவள் எழுந்து வந்து பேட்டி கொடுத்திருக்கிறாள்!

புகார் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுதினால் என்ன ஆகும்? கமிட்டி போடுவார்கள். ‘தவறுதலாக விடுபட்டது’ என்பான். ரெண்டு வரியை மாற்றிக்கொண்டு அடுத்த மாதம் மறுபடி வந்து நிற்பான். கூடாது. இந்தத் திருட்டுக்கான சாட்சியை இவனே தன் கையால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

தன் பிரதியை அலமாரியிலிருந்து எடுத்தாள். மூன்று நாள். அவன் எழுத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. திருடிய ஒவ்வொரு பத்திக்கும் மேற்கோள் குறி போட்டாள், எண் போட்டாள், அடியில் பொடி எழுத்தில் அச்சுப் பிசகாமல் விவரம் போட்டாள்: ‘ஃபரீஹா ஷ., எம்.பில். ஆய்வேடு, 2016, ப. 61.’ மொத்தம் நூற்று எண்பத்து மூன்று. 118ஆம் பக்கத்தில் நேர்காணல் தேதியை அப்படியே விட்டு, அடியில் ‘வீராயி மறைவு: 2019’ என்றும் சேர்த்தாள்.

நாலாம் நாள் ஹரிகிருஷ்ணன் வந்தான். புரூஃபில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்காமல் பைண்டிங்குக்குப் போவதில்லை. அது கடை வழக்கம்.

“ஒரு வாட்டி படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்.”

“எக்ஸாமினரே படிக்கமாட்டான், நான் படிக்கணுமாக்கா? காப்பி புடிக்கிற சாஃப்ட்வேர்ல அப்பவே வுட்டுப் பாத்துட்டேன். ஆறு பர்சென்ட்!”

நூலக அலமாரியில் தூசி படிந்து கிடப்பதை எந்த சாஃப்ட்வேர் படிக்கும்?

“அந்த வீராயி கதை மனசுலயே நிக்குது சார். நேர்ல பாத்தீங்களா?”

“பின்ன? ரெண்டு நாள் கூடவே குந்திக்கினு பேசுனேன். போன மாசம்கூட மார்க்கெட்ல பாத்துட்டு, நல்லா கீறியா தம்பின்னு கேட்டுச்சு.”

ஃபரீஹாவுக்குள் மிச்சமிருந்த கொஞ்ச இரக்கமும் அந்த நிமிஷம் காய்ந்துபோனது. பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

மூலையை மட்டும் புரட்டிப் புரட்டிக் கிறுக்கிக்கொண்டு போனான். 116. 117. 118இல் பேனா நின்றது.

“இன்னாக்கா, அடியில இவ்ளோ பொடி எழுத்து?”

“ரூல்படி அடிக்குறிப்பு சார். நீங்கதானே சொன்னீங்க? வேணும்னா படிச்சுப் பாருங்க.”

“அய்ய, வேணாம். பாக்கறதுக்குக் கெத்தாத்தான் கீது.” கையெழுத்து விழுந்தது.

மறுநாள் ஐந்து பிரதிகளும் தயார். கருநீல அட்டை, தங்க எழுத்தில் அவன் பெயர். அடையாளத்துக்கு வைக்கும் சிவப்பு நாடாவை ஐந்திலும் அதே 118ஆம் பக்கத்தில் செருகியிருந்தாள். எடுத்தவுடன் அங்கேதான் பிரியும்.

ஸ்கூட்டரில் அடுக்கிக்கொண்டே திரும்பினான். “உங்க பேரே கேக்கல பாருக்கா. தெரிஞ்சிருந்தா நன்றியுரைல போட்டிருப்பேன்.”

“போட்டாச்சு சார்.”

அவன் காதில் அது விழுந்ததோ என்னவோ, ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கால்களுக்கு நடுவே ஐந்து சிவப்பு நாடாக்கள் அட்டைக்கு வெளியே நீண்டு, காற்றில் படபடத்துக்கொண்டு போயின.