பவர் வைத்த மாஸ்க்

பாம்ம்ம்!

பக்கத்தில் நின்ற நீலப் படகு ஹாரன் அடித்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடியில் இருந்த முக்குளிப்பு மாஸ்க் தளத்தில் விழுந்து உருண்டது. இடது கையில் தம்பியின் இடுப்பில் கட்டிய கயிறு. அதை விடக் கூடாது. வலது கையால் மாஸ்க்கை எடுத்தாள். கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு மாஸ்க்கைக் கண்ணில் வைத்தாள்.

எதிரே இருந்த டிக்கெட் கவுன்டர் பஞ்சுப் பொதியாகத் தெரிந்தது.

துடைத்துவிட்டுப் பார்த்தாள். அதே பஞ்சு. இது பவர் இல்லாத வெறும் கண்ணாடி. தம்பியின் மாஸ்க்.

அப்படியானால் அவளுடைய மைனஸ் நாலு பவர் மாஸ்க் இப்போது தம்பியின் முகத்தில், இந்த வெள்ளைப் படகின் அடியில், தண்ணீருக்குள்!

பயணிகள் படகுகளின் அடிப்பாகத்தை மாதாமாதம் சோதிப்பது இருவரின் வேலை. முதலில் தம்பி இறங்கி, சந்தேகப்படும் இடங்களில் மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுவான். பிறகு அக்கா இறங்கி வட்டங்களை மட்டும் படமெடுப்பாள். மாஸ்க் இரண்டும் ஒரே அச்சு. அவளுடைய பட்டையில் சிவப்பு நகப்பூச்சு வைத்திருந்தாள். நேற்று இரண்டுக்கும் புதுப் பட்டை மாற்றியபோது, அடையாளம் பழைய பட்டையோடு குப்பைக்குப் போய்விட்டது.

நல்ல கண்ணுக்கு அந்தப் பவர் போட்டால் தலை சுற்றும், குமட்டும். காற்றுக்குழாயைக் கவ்வியபடி வாந்தி எடுத்தால்? காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் தெரியாமல் போனால்?

கயிற்றை ஒருமுறை இழுத்தாள். நலமா?

பதிலுக்கு ஓர் இழுப்பு. நலம்.

அவள் நம்பவில்லை. நான்கு முறை இழுத்தாள். மேலே வா.

இரண்டு இழுப்பு வந்தது. பொறு.

"திமிரு பிடிச்சவன்" என்று முணுமுணுத்தாள். வீம்புதான், வேறென்ன? "முக்குளிக்கிறவனுக்குக் கண்ணாடி எதுக்கு? நான் என்ன உன்னை மாதிரி சோடாபுட்டியா?" என்று சின்ன வயதிலிருந்து கேலி செய்கிறவன், அவளுடைய மாஸ்க்கில் தடுமாறினேன் என்று ஒப்புக்கொள்வானா?

வெள்ளைப் படகின் ஓட்டுநர் வந்து கையை நீட்டினார். "இன்ஜின் சாவியைக் குடுங்கம்மா. நாலு மணி டிரிப்புக்கு ஆள் ஏத்தணும்."

"கீழ ஆள் இருக்கான். அவன் ஏறினாத்தான் சாவி."

"உங்க தம்பி படகு பாக்குறாரா, பொண்ணு பாக்குறாரா? இவ்வளவு நேரமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கமாக இருபது நிமிடம். இப்போது முப்பத்திரண்டு.

தானே இறங்கலாம் என்றால், இந்த வெறும் மாஸ்க்கில் அவளுக்குக் கயிறுகூடத் தெரியாது. மூக்குக்கண்ணாடியை உள்ளே போட்டால் அதன் காதுக்கம்பி இடிக்கும், ஓரத்தில் தண்ணீர் புகும். காண்டாக்ட் லென்ஸையும் ஒரு வருடம் போட்டுப் பார்த்தாள். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்த ஒருநாள் கண்ணைத் திறந்துவிட்டாள். ஒரு லென்ஸ் கடலோடு போயிற்று. "ஏதோ ஒரு மீனுக்கு இப்பத் தூரப்பார்வை சரியாயிருக்கும்" என்று தம்பி வீடெல்லாம் சொல்லிச் சிரித்தான். கண்ணில் லேசர் வைக்கப் பயம். அதனால்தான் இந்தப் பவர் மாஸ்க்.

மேலும் நான்கு முறை இழுத்தாள். பதில் இல்லை.

கயிறு தொய்ந்தது. ஒரு முழம். இரண்டு முழம்.

"டேய்!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள்.

ஏணியடியில் குமிழிகள் பொங்கின. தலை தெரிந்தது. தம்பி மெதுவாக ஏறி வந்து தளத்தில் உட்கார்ந்தான்.

"எருமை! மாஸ்க் மாறிடுச்சுன்னு தெரிஞ்ச உடனே மேல வரவேண்டியதுதானே? உசுரே போயிடுச்சுடா எனக்கு!"

வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவன் இன்று, கழற்றிய மாஸ்க்கைத் துடைத்து மறுபடி கண்ணில் வைத்தான். டிக்கெட் கவுன்டர் பக்கம் திரும்பி எழுத்துக்கூட்டுவதுபோல் படித்தான்.

"குழந்தைகளை... கம்பியில்... சாயவிடாதீர்."

"வருஷக்கணக்கா அங்கதானே இருக்கு. அதுக்கென்ன இப்போ?"

"அங்க போர்டு இருக்குன்னு தெரியும்க்கா. எழுத்து இருக்குன்னு தெரியாது."

அக்காவுக்கு, ஒவ்வொரு மாதமும் அறிக்கையில் 'தண்ணீர் கலங்கல்' என்று அவன் எழுதுவதும், பின்னால் இறங்கும் தனக்குத் தண்ணீர் தெளிவாகவே இருப்பதும் நினைவுக்கு வந்தன. சேறு அதற்குள் படிந்துவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்!

தம்பி ஓட்டுநரை நிமிர்ந்து பார்த்தான். "இந்தப் படகு போகாதுங்க. சுக்கானைத் தாங்குற இடத்துல விரல் நீளத்துக்கு விரிசல். பழசு. துருவேறிக் கிடக்கு."

"என்னய்யா விளையாடுறீங்க? போன மாசம் எல்லாம் சரின்னு எழுதிக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

பாம்ம்ம்!

நீலப் படகின் இரண்டாவது ஹாரன். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து உள்ளே எறிந்தார்கள். கம்பியோரம் நின்ற பிள்ளைகள் கரையைப் பார்த்துக் கையாட்டினார்கள். படகு துறையை விட்டு ஓரடி விலகியது.

தம்பி துள்ளி எழுந்தான்.

"அக்கா, அதை நிறுத்தச் சொல்லு! போன வாரம் அதையும் நான்தான் பார்த்தேன்!"